சார் கேட்டாரு

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறவர்கள் எழுந்து முன்னால் வாங்க. இந்தக் கதையை இரைந்து சொன்னால் ருசி போய்விடும். ஒரே ஒரு சொல், நாம் நாளெல்லாம் வாயில் போட்டு உருட்டுகிற சாதாரணச் சொல், ஒரு பள்ளிக்கூடத்தையே தலைகீழாக நிறுத்திய கதை. ஒரு நல்ல மனுஷரை அந்தரத்தில் தொங்கவிட்ட கதையும்தான். கேளுங்க.

பார்த்தீர்களா, அந்தச் சொல்லை நானே சொல்லிவிட்டேன்.

அன்று காலை ஏழாம் வகுப்புக் கரும்பலகையில், சமூகப்பாட வாத்தியார் "கேள்!" என்று பலகை கொள்ளாமல் எழுதினார். கையில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைத் தட்டிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். மூக்கிலிருந்து வழுக்கிய கண்ணாடியை, இடது காதோரம் ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, ஆவலோடு நின்றார்.

பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை கத்தியது. மாடிப்படியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். வாத்தியார் புன்னகையோடு தலையாட்டினார். பிள்ளைகளும் தலையாட்டினார்கள். இப்படியே பாதிப் பாடவேளை போயிற்று.

வராந்தா வழியாகப் போன பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, வாசலில் நின்று ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! என்ன அமைதி! உங்க வகுப்பைப் பாத்து மத்தவங்க கத்துக்கணும் சார்!"

வாத்தியார் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, யாருமே வாயைத் திறக்க மாட்டீங்களா?"

மைக்செட் எழுந்தான். அவன் தொண்டையின் மகிமையால் வந்த பட்டப்பெயர் அது. "நீங்கதானே சார் கேள்னு எழுதினீங்க? நாங்க கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். நீங்கதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க!"

இப்படித்தான் ஆரம்பித்தது.

வாத்தியாரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தேதி வாத்தியார். இந்த ராஜா பட்டத்துக்கு வந்த தேதி, அந்த ராஜா மண்டையைப் போட்ட தேதி என்று எத்தனையோ வருஷமாக எழுதிப்போட்டே காலம் தள்ளியவர். கல்யாணம் ஆகாதவர். தலைமுடி ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. போன விடுமுறையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தார். அங்கே ஒருவர், "பிள்ளை தானே கேட்டு, தானே தேடி, தானே கண்டுபிடிக்கணும். அப்போதான் அது அவன் பாடம்" என்று சொன்னாராம். பக்கத்தில் இருந்தவர்கள் தேநீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க, நம் வாத்தியாருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

காரணம் இருந்தது. இதே ஏழாம் வகுப்பில் அவர் பையனாக உட்கார்ந்திருந்த காலத்தில், மை சிந்திச் சிந்தி நீலம் ஏறிய பெஞ்சிலிருந்து எழுந்து ஒருநாள் கேட்டார்: "சார், ராஜா செத்தப்புறம் அவரோட குதிரையை யாரு சார் பாத்துக்கிட்டாங்க?" வகுப்பு சிரித்தது. அன்றைய வாத்தியார் அவரைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். அதற்கப்புறம் அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. ஆனாலும் பாருங்கள், மழை பெய்கிற மத்தியான வேளைகளில் அந்தக் குதிரை இன்னமும் அவர் மனசுக்குள் தனியாக நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஆகையால் மறுநாள் தெளிவாகச் சொன்னார். "கேள்னா சும்மா காதால கேக்கறது இல்லப்பா. வாயைத் திறந்து கேக்கணும். எது வேணும்னாலும் கேளுங்க. பயப்படாம கேளுங்க."

"எது வேணும்னாலுமா சார்?"

"எது வேணும்னாலும்!"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "சார், எனக்கு ஜன்னலோரம் வேணும்." "சார், புதுப் பந்து வேணும்." "விளையாட்டு பீரியடு தினமும் வேணும் சார்." "பரீட்சை வேணாம் சார்!"

"இது கேள்வி இல்லப்பா, கோரிக்கை!" என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. செய்தி பக்கத்து வகுப்புக்குப் போயிற்று. இடைவேளைக்குள் பெரிய டீச்சர் அறை வாசலில் ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு எல்லாம் வரிசை கட்டி நின்றன. வரிசையின் கடைசியில் கணக்கு வாத்தியார்.

"நீங்க எதுக்கு நிக்கறீங்க?" என்றார் பெரிய டீச்சர்.

"எது வேணும்னாலும் கேக்கலாமாமே மேடம். எனக்குக் கை வச்ச நாற்காலி ஒண்ணு."

சாயங்காலம் தேதி வாத்தியார் பெரிய டீச்சர் முன்னால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

"சார், உங்க கிறுக்குக்கு நான் முட்டுக்கட்டை போடலை. ஆனா கேள்வி, கண்டுபிடிப்புன்னு சொன்னீங்களே, நிஜமான கேள்வி ஒண்ணாவது வந்துச்சா? ஜன்னலோரமா உக்காந்திருக்குமே ஒரு பொண்ணு, அது வாயைத் திறந்து நான் பாத்ததே இல்ல."

"வாயில்லாப்பூச்சின்னு கூப்பிடுவாங்க மேடம், பசங்க."

"அந்தப் பொண்ணு வாயிலேர்ந்து ஒரே ஒரு கேள்வி வரட்டும். தானா யோசிச்ச கேள்வி. அப்புறம் உங்க வகுப்புப் பக்கமே நான் தலைவைக்க மாட்டேன். இந்த வாரத்துக்குள்ள வரலைன்னா, பழையபடி தேதி."

பழையபடி தேதி! வாத்தியாருக்குக் குதிரை கனைத்தது காதில் கேட்டது. இந்தப் பிள்ளைகளையும் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டுப் போகப்போகிறோமா என்று மனசு பதைத்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணாடிக்கடையில் ஏறினார். அது வாரம் தவறாத வழக்கம். அவருடைய மூக்குக்கண்ணாடியின் இடது காலில் ஒரு திருகாணி, எள்ளளவுதான் இருக்கும். எத்தனை தடவை முடுக்கினாலும் ஒரே வாரத்தில் கழன்றுவிடும். "சாருக்கு மரை கழண்டுருச்சுடா" என்று பையன்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதைக் கேட்டு, "ஆமாம்ப்பா, வாராவாரம் கழலுது" என்று வெள்ளந்தியாகச் சொன்னவர் அவர்.

கடையை நடத்தியவள் வாயில்லாப்பூச்சியின் அத்தை, அவளும் கல்யாணம் ஆகாதவள். அப்பா காலத்துக் கடை. எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிற பழைய அட்டை சுவரில் தொங்கும். கண்ணாடி அலமாரிகளில் வரிசை வரிசையாக, பார்க்க ஆளில்லாத கண்ணாடிகள். அத்தை, கொண்டையில் செருகியிருக்கும் குட்டித் திருப்புளியை உருவி எடுத்து, தலையைச் சாய்த்து, முடுக்கி, துடைத்து, நீட்டுவாள். ஒவ்வொரு தடவையும் ஒரே சொல்.

"இப்போதைக்கு நிக்கும் சார்."

அவரும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். மேசை ஓரத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் குப்பி ஒன்று எப்போதும் இருக்கும். ஆனால் அவள் நகம் மினுங்கி அவர் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை. வேறு எத்தனையோ கேட்க நினைத்துப் படியேறுவார். படி இறங்கும்போது அத்தனையும் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அன்றும் பூச்சி அங்கேதான், முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே வந்துவிடுவாள். வாய்தான் பேசாதே ஒழிய, கண் சும்மா இருக்காது. அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியாருக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்படுகிறது என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வகுப்பில் சொன்னார். "சரித்திரம்னா ராஜா மட்டும் இல்ல. உங்க வீடும் சரித்திரம்தான். உங்க வீட்டுல யாரும் பேசாத பழைய விஷயம் ஏதாவது இருக்கும். போய்க் கேளுங்க. விடாம கேளுங்க."

அப்புறம் குனிந்து, பூச்சியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "உங்க அத்தைகிட்ட கேளும்மா, அந்தக் கடையோட பழைய கதையை. நீ பேசக் கூச்சமா இருந்தா, சார் கேட்டாருன்னு சொல்லு. போதும்."

பூச்சி கண்ணை அகல விரித்துத் தலையாட்டினாள்.

மறுநாள் காலை வகுப்பு வகுப்பாகவே இல்லை. கணக்கில் முட்டை வாங்குகிற பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். "சார், எங்கப்பாவும் இதே ஏழாம் வகுப்புல முட்டைதான் வாங்கியிருக்காரு! சித்தப்பா சொல்லிட்டாரு!" ஒருத்தி, பாத்திர அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்த துருப்பிடித்த சைக்கிள் மணியைக் கொண்டுவந்தாள். அவள் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருவில் யாரும் அவளை சைக்கிளில் முந்த முடியாதாம். "நேத்து அம்மா இதை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க சார். அப்புறம் சிரிச்சாங்க." அவள் மணியை அடித்தாள். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. எங்கேயோ ஒரு தெருத் திருப்பத்தில், ரெட்டைப் பின்னல் பறக்க ஒரு சின்னப்பெண் வளைந்து போவதை வகுப்பு முழுக்கப் பார்த்தது. வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையைத் துடைத்தார். அதில் எழுத்தே இல்லை.

"நானும் கேட்டேன் சார்!" என்று மைக்செட் எழுந்தான். "பக்கத்து வீட்டுத் தாத்தாவை நறுக்குன்னு கேட்டுட்டேன்!"

"நறுக்குன்னா?"

"எங்க தாத்தாகிட்ட வாங்கின ஏணியை ஏன் இன்னும் திருப்பித் தரலைன்னு. நாலு பேர் முன்னாடி நல்லா கேட்டேன் சார், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி!"

"ஐயோ, அந்தக் கேக்கறது இல்லடா!"

சொல்லி வாய் மூடவில்லை. கீழே வாசலில் சத்தம். ஏணிக்கார வீடு ஒரு பக்கம், மைக்செட் வீடு ஒரு பக்கம், நடுவில் முட்டை வாங்கியதை மறைத்துவைத்த அப்பா. மைக்செட்டுக்கு அந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்பதை அன்று பள்ளிக்கூடமே தெரிந்துகொண்டது. பெரிய டீச்சர் ஒவ்வொருவராகச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சாரை வரச் சொல்லுங்க."

தேதி வாத்தியார் உள்ளே போனபோது அங்கே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, மீசை, ஹாரன் மாதிரிக் குரல். பூச்சியின் அப்பா, பஸ் டிரைவர். பக்கத்தில் பூச்சி, வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு.

"வணக்கம் சார். நேத்து நீங்க கேட்டதா பொண்ணு சொன்னா."

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. பூச்சி வீட்டில் பேசிவிட்டாள்! "ஆமாங்க, கேட்டேன். நானே நேர்ல வந்து கேட்டிருக்கணும்."

"அதான் நானும் நினைச்சேன். சின்னப் பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பற விஷயமா இது?"

"இந்த வயசுல பழகினாத்தாங்க உண்டு. உங்க வீட்டுல மட்டும் இல்ல, எல்லார் வீட்டுலயும் கேட்டு அனுப்பியிருக்கேன்."

டிரைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "எல்லார் வீட்டுலயுமா?"

"ஒரு வீடு விடலையே! எல்லாம் வந்து சேரட்டும், அதுல நல்லதா ஒண்ணைப் பொறுக்கிக்கலாம்னு."

"பொறுக்கறதா!"

பெரிய டீச்சர் இருமினார். வாத்தியார் அதை உற்சாகமூட்டலாக எடுத்துக்கொண்டார். "ஆனா எனக்கு உங்க வீட்டு மேலதாங்க நம்பிக்கை. ரொம்பப் பழசு இல்லையா?"

"பழசா?"

"பழசுன்னா மட்டம்னு நினைக்காதீங்க! ஆக ஆகத்தான் மதிப்பு. உங்கப்பா காலத்துலேர்ந்து அந்தக் கடைக்குள்ளயே கிடக்குது, யாரும் சீண்டலை. தூசி தட்டி வெளியில கொண்டாந்தா போதும். நான் பாத்துக்கறேன்."

டிரைவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "யோவ்! என் தங்கச்சி என்ன ஓட்டை அலமாரியா?"

"தங்கச்சியா? தங்கச்சியை யாருங்க கேட்டது?"

"நீதான்யா கேட்டே! 'சார் அத்தையைக் கேட்டாரு'ன்னு வீடு நிறைய ஆளுங்க உக்காந்திருக்கறப்போ வந்து சொன்னாளே! என் பொண்டாட்டிக்குக் கைகால் ஓடலை. எங்க மாமா காலண்டரை எடுத்து நாள் பாக்க ஆரம்பிச்சிட்டாரு!"

வாத்தியார் ரெண்டு கையையும் ஆட்டினார். "ஐயோ, அத்தை'கிட்ட'ங்க! அத்தைகிட்ட கேக்கச் சொன்னேன்! ஒரே ஒரு 'கிட்ட' விட்டுப்போச்சு!"

"கிட்டவும் வேணாம், எட்டவும் வேணாம்! இப்போ கேட்டீங்களா இல்லையா?"

"கேக்கலைங்க! சத்தியமா நான் கேக்கவே இல்ல!"

"கேக்கலையா?" என்றது வாசலில் இன்னொரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். அத்தை. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். சாவி கையிலும் திருப்புளி கொண்டையிலும் இருந்தன. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சாவியைப் பிடித்த விரல் மட்டும் வெளுத்திருந்தது.

"அண்ணே, சார் மேல தப்பில்ல. அவர் கேக்கலைன்னு சொல்லிட்டாரே. வா, போகலாம்."

"இல்லைங்க," என்று வாத்தியார் பதறினார். "கேக்கலைன்னா, கேக்கக்கூடாதுன்னு இல்ல. கேட்டா என்ன நினைப்பீங்களோன்னு... அதாவது, எனக்குக் கேள்வி கேட்டுப் பழக்கம் விட்டுப்போச்சுங்க, பெஞ்சு மேல நின்னதுலேர்ந்து..."

"என்ன பெஞ்சு?" என்றார் டிரைவர்.

"அது ஒரு குதிரை விஷயம்..."

"மேடம், இவருக்கு நிஜமாவே மரை கழண்டுருச்சு" என்றார் டிரைவர்.

அந்த நேரம் பார்த்து, உண்மையிலேயே கழன்றது. கண்ணாடியின் இடது கால் தோளில் விழுந்து தரையில் விழுந்தது. திருகாணி எங்கே தெறித்ததோ! கண்ணாடி இல்லாவிட்டால் வாத்தியாருக்கு உலகமே மோரில் கரைத்த மாதிரி. "யாரும் அசையாதீங்க! மிதிச்சிடாதீங்க!" என்று அவர் மண்டி போட்டார். அத்தையும் மண்டி போட்டாள். கோபத்தில் இருந்த டிரைவரும், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, மேசைக்கடியில் தலையை விட்டார். கடைசியில் பெரிய டீச்சரும் கீழே இறங்கிவிட்டார். வாசலில் எட்டிப் பார்த்த பியூன், நாலு பெரியவர்கள் தவழ்ந்துகொண்டிருப்பதைக் கண்டு, தேநீர்த் தட்டோடு ஓசைப்படாமல் திரும்பிப் போனார்.

கண்டெடுத்தவள் பூச்சி. நாற்காலிக் காலடியில், தரை விரிசலில் மினுக்கென்று கிடந்ததை நகத்தால் நெம்பி எடுத்து, அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

அத்தை கொண்டையிலிருந்து திருப்புளியை உருவினாள். தலையைச் சாய்த்தாள். முடுக்கினாள். துடைத்து, அவர் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள்.

"இப்போதைக்கு நிக்கும் சார்."

எத்தனையோ வருஷமாகக் கேட்ட சொல்தான். இன்றைக்கு அது ஒரு கடைக்கதவு சாத்துகிற மாதிரி இருந்தது அவருக்கு.

பெரிய டீச்சர் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். "போதும் சார். நாற்காலிக்கு வரிசை, ஏணிச் சண்டை, இப்போ இந்தக் கூத்து. இத்தனைக்கும் நடுவுல இந்தப் பொண்ணு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சா? இல்லையே? நாளைக்குக் காலையிலேர்ந்து பழையபடி தேதி."

வாத்தியார் தலைகுனிந்தார். டிரைவர் விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினார். அத்தை வாசல் பக்கம் ரெண்டு அடி வைத்துவிட்டாள்.

அப்போது பூச்சி கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குவது போலவே, நேராக, முழுக்க.

"என்னம்மா?" என்றார் பெரிய டீச்சர்.

பூச்சி அவரைப் பார்க்கவில்லை.

"ஏன் அத்தை, எல்லார் கண்ணாடிக்கும் திருகாணியை முடுக்கினதும், அது கழலாம இருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பியே, சார் கண்ணாடிக்கு மட்டும் ஏன் ஒரு தடவைகூட வைக்கவே மாட்டேங்கற?"

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை முடிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்கிற வாயும், பதில் தெரிந்து சிவக்கிற முகமும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும். கழல வேண்டியது கழன்று, இறுக வேண்டியது இறுகி, எல்லாரும் நல்லா இருங்க.